யார் சொன்ன சிபாரிசு?

நீங்கள் அஞ்செட்டிக்குப் போயிருக்கிறீர்களோ, இல்லையோ! ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போய், அங்கிருந்து மலைப் பாதையில் வளைந்து வளைந்து போனால், ஏறக்குறைய 50 கிலோமீட்டர் பிரயாணத்துக்குப் பிறகு வருகிற ஊர் அது. அதற்கு அப்பால் ஒகேனக்கல் போகிற காட்டுப் பாதை. காவேரிக்கு அக்கரையில் கர்நாடகம். கடைத்தெருவில் ஐந்து நிமிஷம் நின்றால் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒன்றாகக் காதில் விழும். சுற்றியுள்ள காடுகள் யானைக்குப் பெயர்போனவை. 2014-இல் காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம், 2022-இல் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று அரசாங்கம் அறிவித்ததெல்லாம் இந்தப் பக்கத்துக் காடுகளைத்தான்.

அந்தப் பாதையில் பொழுது சாய்கிற நேரத்தில் எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவர் கையை ஆட்டி நிறுத்தி, "முன்னாடி நிக்குது, கொஞ்சம் பொறுத்துப் போங்க" என்பார். ஆனெ என்று கன்னடத்தில் சொன்னாலும் சரி, ஏனுகு என்று தெலுங்கில் சொன்னாலும் சரி, வண்டிகள் அப்படியே நின்றுவிடும். "நிஜமாகவா? அத்தாட்சி உண்டா?" என்று யாரும் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை? அந்த மனிதர் அதே வழியாக வந்தவர். கண்ணால் கண்டதைச் சொல்கிறார். நம்மை நிறுத்தி வைப்பதால் அவருக்குக் காலணா லாபமில்லை. அதோடு, சும்மா பயங்காட்டினார் என்று தெரிந்தால் நாளைக்கு அதே டீக்கடையில் அவரைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம். நம்பிக்கை என்பது பெரிய வேதாந்த விஷயம் ஒன்றுமில்லை, பாருங்கள். கண்டிருக்க வேண்டும், லாபம் இருக்கக் கூடாது, ஆள் அகப்பட வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது அதே அஞ்செட்டியில் ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்ப்போம். மருமகள் ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லீவு நாளில் செல்போனில் மிக்ஸி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அத்தே, இதைப் பன்னெண்டாயிரம் பேரு நல்லா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. அஞ்சு நட்சத்திரம்!"

"யாரு கண்ணு அவங்க? நம்ம பக்கத்து ஆளுங்களா?"

"எல்லா ஊர்க்காரங்களும்தான், அத்தே."

"களிக்குத் தொட்டுக்கக் காரம் அரைச்சுப் பாத்தாங்களாமா? நம்ம ஊரு கரண்டுல ஓட்டிப் பாத்தாங்களாமா?"

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிடும். எனக்கென்னவோ, பன்னிரண்டாயிரம் பேர் எழுதிவைத்ததைக் காட்டிலும் மாமியார் கேட்ட இந்த இரண்டு கேள்விகளில்தான் அதிக விவரம் இருப்பதாகத் தோன்றுகிறது.

பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னாள் என்றால் நாம் வாங்கிவிடுகிறோம். இது நம் ஊர்ப் பெண்களின் பலவீனம் என்று ஆண்பிள்ளைகள் கேலி செய்வதுண்டு. அமெரிக்கப் பெண்மணிகளும் அப்படித்தான்! 1945-இல் இல்லினாய் மாகாணத்தில் டிகேட்டர் என்ற ஊரில் சுமார் 800 பெண்களைப் பேட்டி கண்டார்கள். மளிகைச் சாமான் முதல் சினிமா வரை யார் பேச்சைக் கேட்டு முடிவு செய்கிறார்கள் என்று துருவித் துருவி விசாரித்தார்கள். எலிஹு காட்ஸ், பால் லாஸர்ஸ்ஃபெல்ட் என்ற இரண்டு அறிஞர்கள் அதை 1955-இல் புத்தகமாகப் போட்டார்கள். பத்திரிகையும் ரேடியோவும் செய்கிற விளம்பரத்தைக் காட்டிலும், தெரிந்த ஒருத்தி வாய்ப்பேச்சாகச் சொல்வதற்கே செல்வாக்கு அதிகம் என்று கண்டார்களாம். இன்னொரு வேடிக்கை: வீட்டுச் சாமான் விஷயத்தில் மற்றவர்கள் யோசனை கேட்கப் போனது பணக்கார வீட்டுச் சீமாட்டியிடம் அல்ல, பெரிய குடும்பத்தை வைத்துக்கொண்டு அல்லாடுகிற தாய்மாரிடம். உடை, சினிமா விஷயத்தில் மட்டும் கல்யாணமாகாத இளம் பெண்கள் சொன்னதுதான் சட்டம். நம் தெருவிலும் இதுதானே நடக்கிறது? மிளகாய் எங்கே வாங்குவது என்று கேட்க ஒருத்தி, புடவைக்கு வேறொருத்தி.

இந்த ரகசியம் வியாபாரிகளுக்குத் தெரியாமல் இருக்குமா? டப்பர்வேர் என்ற பிளாஸ்டிக் டப்பாக்களை நம்மில் பலர் வீட்டில் வைத்திருக்கிறோம். அந்தக் கம்பெனி 1951-இல் தன் சரக்கைக் கடை அலமாரிகளிலிருந்து எடுத்துவிட்டு, பெண்கள் வீட்டில் விருந்து வைத்துச் சிநேகிதிகளுக்கு விற்பது என்று ஒரே வழியாக்கிக்கொண்டது. இதை முன்னின்று நடத்தியவர் பிரௌனி வைஸ் என்ற பெண்மணி. 1954-இல் 'பிஸினஸ் வீக்' பத்திரிகையின் அட்டையில் படம் வெளிவந்த முதல் பெண் அவர்தான். அப்படிப்பட்டவரை நான்கே வருஷத்தில் கம்பெனி வெளியே அனுப்பியது வேறு கதை. டப்பா வியாபாரம் 1996-இல் நம் தேசத்துக்கும் வந்தது; அமெரிக்காவில் தாய்க் கம்பெனி 2024-இல் திவால் மனுக் கொடுத்தது. அதில் ஒரு நாணயம் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். காப்பி கொடுத்து உட்காரவைக்கிற அம்மாளுக்கு ஏதோ கிடைக்கிறது என்பது வந்து உட்கார்ந்த அத்தனை பேருக்கும் தெரியும். சிநேகிதமும் வியாபாரமும் கலந்திருந்தாலும், எது பால், எது தண்ணீர் என்று கண்ணுக்குத் தெரிந்தது.

செல்போனில் வருகிற சிபாரிசில் இதுதான் தெரிவதில்லை.

லண்டனில் நடந்த ஒரு கூத்தைக் கேளுங்கள். ஊபா பட்லர் என்று ஓர் இளைஞர். ஹோட்டல்களைப் பற்றிப் பொய்யாகப் புகழ்ந்து எழுதி, ஒன்றுக்குப் பத்து பவுன் கூலி வாங்கியவர். 2017-இல் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. தம் வீட்டுத் தோட்டத்தில் இருந்த கொட்டகையையே ஒரு ஹோட்டல் என்று டிரிப்அட்வைசரில் பதிவு செய்தார். பதார்த்தங்களின் படம் வேண்டுமே? க்ஷவர நுரையைக் குழைத்து அலங்காரம் செய்து போட்டோ எடுத்தார். சிநேகிதர்கள் ஆளுக்கொரு பேரில் 'ஆஹா, ஓஹோ' என்று எழுதினார்கள். டெலிபோன் செய்தவர்களிடமெல்லாம் "இடமில்லை, எல்லாம் நிரம்பிவிட்டது" என்றார். இடமில்லை என்று சொல்லச் சொல்ல, கிராக்கி ஏறியது. அந்த வருஷம் நவம்பர் மாதம், லண்டனிலுள்ள 18,000-க்கு மேற்பட்ட ஹோட்டல்களில் முதல் இடம் அந்தக் கொட்டகைக்கு! அதுவரை ஒரு வாடிக்கைக்காரருக்கும் ஒரு பிடி சோறு பரிமாறவில்லை.

2020-இல் அமெரிக்காவில் பல வீடுகளுக்குச் சீனாவிலிருந்து விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்தன. கேட்டு வாங்கியவர் யாருமில்லை. ஏதாவது சதியோ என்று ஜனங்கள் பயந்தார்கள். விற்பனையாளர்கள் தாங்களே ஆர்டர் கொடுத்து, யாரோ ஒருவர் விலாசத்துக்கு அற்பச் சாமானை அனுப்பிவிட்டு, 'வாங்கியவர்' பேரில் புகழ்மாலை எழுதிக்கொள்கிற தந்திரமாகவே இது இருக்க வேண்டும் என்று அந்நாட்டு விவசாய இலாகா கருதியது. ஆகவே, 'இவர் நிஜமாகவே வாங்கியவர்' என்று முத்திரை இருந்தாலும் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வதற்கில்லை.

நம் ஊரில் இவ்வளவு சிரமப்படுவதில்லை. பார்சலைப் பிரித்தால் உள்ளே ஒரு சின்ன அட்டை: 'ஐந்து நட்சத்திரம் போட்டு, அதைப் படம் பிடித்து இந்த நம்பருக்கு அனுப்பினால் ரூ. 100 பரிசு.' நம்மில் எத்தனை பேர் இதை லஞ்சம் என்று நினைக்கிறோம்? 'நூறு ரூபாய் வந்தால் வரட்டுமே, சாமானும் மோசமில்லையே' என்று போட்டுவிடுகிறோம். அந்த நட்சத்திரத்தை நம்பி எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தி சீட்டுப் பணத்தை எடுத்து வாங்குகிறாள். அவள் முகம் நமக்குத் தெரியாது. நம் முகம் அவளுக்குத் தெரியாது. டீக்கடையில் பிடித்துக் கேட்க முடியாத சிபாரிசு!

சட்டம் சும்மா இருக்கிறதா என்றால், இல்லை. பொய் விளம்பரம் செய்தவருக்கும் அதற்குச் சிபாரிசு செய்தவருக்கும் பத்து லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. சிபாரிசு செய்தவரை ஒரு வருஷம் வேறு எதற்கும் சிபாரிசு செய்யக் கூடாது என்று தடுக்கவும் செய்யலாம். 2023 ஜனவரியில் மத்திய சர்க்கார் இன்னொரு விளக்கம் வெளியிட்டது. சினிமாக்காரர் ஆனாலும், செல்போனில் பேசிப் பிரபலமானவர் ஆனாலும், ஒரு சாமானைப் புகழ்வதற்குக் காசோ பரிசோ ஓசிச் சாமானோ வாங்கியிருந்தால் அதைப் பளிச்சென்று சொல்லிவிட வேண்டும். தாம் உபயோகித்துப் பார்க்காததைப் புகழக் கூடாது. வாங்கியவர்கள் எழுதும் அபிப்பிராயங்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தர விதியைக் கொண்டுவந்தது. எழுதுகிறவர் நிஜ மனிதர்தானா என்று சோதிக்க வேண்டும், கூலி கொடுத்து எழுதியவற்றைப் போடக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் இஷ்டப்பட்டால் பின்பற்றலாம் என்றுதான் அதை வெளியிட்டார்கள். இஷ்டப்பட்டால் திருடாமல் இருக்கலாம் என்று திருடனிடம் சொன்னது போலில்லையா? அமெரிக்காவில் 2024 அக்டோபரிலிருந்து பொய் அபிப்பிராயத்தை விற்பதும் வாங்குவதும் அபராதத்துக்குரிய குற்றமாகிவிட்டது.

நூறு ரூபாய் அட்டையோடு விஷயம் நின்றிருந்தால் நான் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன். இதற்கு ஒரு தங்கை இருக்கிறாள், அவள்தான் பொல்லாதவள்.

'வீட்டிலிருந்தபடியே பகுதி நேர வேலை' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். வேலை என்ன? பேர் தெரியாத ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போட வேண்டும். ஒன்றுக்கு ஐம்பது ரூபாய். முதல் நாள் போட்டால் நூற்றைம்பது ரூபாய் கணக்கில் நிஜமாகவே வந்து விழும். பிறகு டெலிகிராமில் ஒரு குழுவில் சேர்ப்பார்கள். அங்கே நூறு, இருநூறு பேர். "எனக்கு இன்று எட்டாயிரம் வந்தது, நன்றி மேடம்!" "நான் முப்பதாயிரம் எடுத்தேன், பையனுக்குப் பீஸ் கட்டிவிட்டேன்!" என்று ரசீதோடு எழுதுவார்கள். பார்க்கிறவளுக்கு ஆசை வருமா, வராதா? 'ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு' என்று ஆரம்பித்து, ஐயாயிரம், ஐம்பதாயிரம் என்று ஏறும். எடுக்கப் போனால், "உங்கள் கணக்கில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது, இன்னும் ஒரு லட்சம் கட்டினால்தான் விடுவிக்க முடியும்" என்பார்கள். அப்புறம்தான் தெரியும், குழுவில் நன்றி சொன்ன அத்தனை பேரும் அந்தக் கூட்டத்தின் ஆட்களே என்று. இருநூறு பேர் கூடி ஒருத்திக்காக நடித்த நாடகம்! 2023 டிசம்பரில் மத்திய உள்துறை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையத் தளங்களை ஒரே மூச்சில் முடக்கியது. மூடிய மறுநாள் வேறு பேரில் திறக்க எத்தனை நேரமாகும்?

இதில் அகப்படுகிறவர்கள் அசடுகள் அல்ல என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். படித்தவர்கள், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் அகப்பட்டிருக்கிறார்கள். புருஷனுக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்துக் கட்டியவள் வெளியே சொல்லக் கூசுகிறாள். அந்தக் கூச்சம்தான் மோசக்காரனுக்குப் பெரிய பாதுகாப்பு. பணம் போனது தெரிந்தவுடனே 1930 என்ற நம்பருக்கு டெலிபோன் செய்ய வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால், பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் பாங்கியில் நிறுத்திவைக்க வழியுண்டு. வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று ராத்திரி முழுவதும் யோசித்துவிட்டுக் காலையில் சொன்னால், பெரும்பாலும் பணம் போனது போனதுதான். வீட்டு ஆண்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: 'புத்தி இருக்கிறதா?' என்று கத்துவதை மறுநாளைக்கு வைத்துக்கொண்டு, முதலில் அந்த நம்பரைச் சுழற்றுங்கள். (சுழற்றுகிற டெலிபோன் போய் எவ்வளவோ காலமாயிற்று, பேச்சு மட்டும் போகமாட்டேன் என்கிறது.)

சரி, பொய் சொல்கிறவர்களை விடுங்கள். உண்மை சொல்கிறவர்களே நம்மைக் கவிழ்த்துவிடுவதும் உண்டே!

ஈமுக் கோழியை மறந்திருக்க மாட்டீர்கள். ஈரோடு ஜில்லா பெருந்துறையிலிருந்து கிளம்பியது அந்த ஜுரம். ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் குஞ்சும் தீவனமும் கொடுத்து, மாதா மாதம் பணமும் தருகிறோம் என்றார்கள். சினிமா நட்சத்திரங்கள் விளம்பரத்தில் வந்து சிரித்தார்கள். ஆனால் ஜனங்கள் சேர்ந்தது நட்சத்திரங்களைப் பார்த்து மட்டுமா? "எங்க சித்தப்பா ஆறு மாசமா வாங்கறார், ஒரு தேதி தவறியதில்லை" என்ற பேச்சைக் கேட்டுத்தான். சித்தப்பா பொய் சொல்லவில்லை. அவருக்குப் பணம் வந்தது வாஸ்தவம். பின்னால் சேர்ந்தவர்கள் கட்டிய பணம்தான் முன்னால் சேர்ந்தவர்களுக்குப் போகிறது என்பது அவருக்கே தெரியாது. 2012-இல் எல்லாம் சரிந்தது. தீவனமில்லாமல் தவித்த பறவைகளுக்குச் சர்க்கார் இரை போட வேண்டியதாயிற்று. நடத்தியவர் கோர்ட்டில் சிறைத் தண்டனை பெற்றார். சித்தப்பாவும் அவர் பேச்சைக் கேட்டுச் சேர்ந்த சொந்தக்காரர்களும் கல்யாணம் கார்த்திகைகளில் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொண்டார்களோ!

கண்டதைத்தான் அவர் சொன்னார். முடிவு வரை காணவில்லை. மிக்ஸிக்கும் இது பொருந்தும். வந்த அன்றே எழுதுகிறார்கள்: 'பெட்டி நன்றாக இருக்கிறது. கலர் பிரமாதம்.' பெட்டியையா அரைக்கப் போகிறோம்?

கிருஷ்ணகிரி ஜில்லாவிலேயே இன்னொரு விதமான உதாரணமும் இருக்கிறது. போச்சம்பள்ளிப் பக்கத்தில் ஓலா கம்பெனியின் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை. பெண்களே நடத்தப் போகிற தொழிற்சாலை என்று 2021-இல் அறிவித்தார்கள். நமக்கெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு வண்டி வாங்கியவர்கள் ரிப்பேர், சர்வீஸ் என்று குறைப்பட ஆரம்பித்தார்கள். நட்சத்திரத்தைக் குறைத்துப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் எழுத்து மூலமாகப் பதிவு செய்தார்கள். 2023 செப்டம்பரிலிருந்து ஒரு வருஷத்தில் அப்படிச் சேர்ந்தவை 10,644 புகார்கள். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியது. அவற்றில் 99.1 சதவீதத்தைத் தீர்த்துவிட்டோம் என்று கம்பெனி பதில் சொன்னது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பேரும் தேதியும் போட்டுக் கொடுத்த புகாருக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும் என்பதைத்தான் கவனியுங்கள். அந்த உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.

எதிர்ப் பக்கத்தையும் ஒரு நிமிஷம் யோசியுங்கள். மலைப் பக்கத்தில் மகளிர் குழு ஒன்று புளியும் ராகி மாவும் தேனும் பொட்டலம் போட்டு விற்க ஆரம்பிக்கிறது. சரக்கு அப்பழுக்கில்லாதது. ஆனால் பேருக்கு எதிரே ஒரு நட்சத்திரமும் இல்லை. புகழ்ந்து எழுத ஆள் வைக்க அவர்களிடம் பணமும் இல்லை. பக்கத்திலேயே சர்க்கரைப் பாகைப் பாட்டிலில் அடைத்து, 'அசல் மலைத்தேன்' என்று நாலாயிரம் நட்சத்திரத்தோடு ஒருவன் நின்றால், நாம் யாரிடம் வாங்குவோம்? பொய் நட்சத்திரம் வாங்குகிறவளை மட்டும் ஏமாற்றவில்லை. உழைத்து விற்கிற இன்னொரு பெண்ணின் பிழைப்பையும் கெடுக்கிறது. நட்சத்திரம் இல்லாத இடத்தில், பொட்டலத்தின் மேல் உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் நம்பர் இருக்கிறதா, விலாசம் இருக்கிறதா என்று பார்த்து, கால் கிலோ மட்டும் வாங்கிப் பார்க்கலாமே!

அப்படியானால் செல்போனில் எழுதியிருப்பதைப் படிக்கவே வேண்டாமா என்று கேட்பீர்கள். நான் படிக்கிறேன். ஐந்து நட்சத்திரத்தையும் ஒற்றை நட்சத்திரத்தையும் தள்ளிவிட்டு, நடுவிலுள்ள மூன்றைப் படிப்பேன். கூலிக்கு எழுதுகிறவன் அங்கே வருவதில்லை, கோபத்தில் எழுதுகிறவனும் வருவதில்லை. ஒரே வாரத்தில் நூறு பேர் ஒரே மாதிரி வார்த்தையில் புகழ்ந்திருந்தால் பக்கத்தை மூடிவிடுவேன். பழையதிலிருந்து புதியதற்கு வரிசைப்படுத்தி, ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து எழுதியவர் யாராவது உண்டா என்று தேடுவேன். அப்படி ஒருத்தி அகப்பட்டுவிட்டால் அவளைக் கும்பிடத் தோன்றும். போன வாரம் அப்படி ஒன்று அகப்பட்டது. யாரோ புண்ணியவதி, பேர்கூடப் போடவில்லை. அவள் எழுதியிருந்த விதம் ஏறக்குறைய இப்படி:

'வாங்கி எட்டு மாதம் ஆகிறது. இட்டிலிக்கு அரைக்க உதவாது. இரண்டு டம்ளர் உளுந்துக்கே சூடாகிவிடுகிறது. தேங்காய்ச் சட்னி நன்றாக அரைபடும். சின்ன ஜாடியின் மூடி மூன்றாம் மாதமே தளர்ந்தது, மாற்றிக் கொடுத்தார்கள், அதற்கு இருபது நாள் ஆயிற்று. சத்தம் அதிகம். குழந்தை தூங்கும்போது போடாதீர்கள்.'